ரான்ஸ் போகலாமா? ஊரிலிருந்து வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பாரிஸில் குடியிருப்பவர்களுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு: ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களுக்கு வழி சொல்வது. ஈஃபெல் கோபுரம், லூவர், படகுச் சவாரி எல்லாம் மூன்று நாளில் முடிந்துவிடும். நான்காம் நாள் காலை காப்பியோடு, "பக்கத்தில் வேறு நல்ல ஊர் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். நான் ரான்ஸ் என்பேன். உடனே கேள்விகள் தொடங்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

ரைம்ஸா, ரீம்ஸா, ரான்ஸா?

வரைபடத்தில் எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ரைம்ஸ் என்றுதான் வாயில் வரும். பிரெஞ்சுக்காரர்கள் மூக்கால் 'ரான்ஸ்' என்பார்கள். கடைசி 'ஸ்' ஒலிக்க வேண்டும். டிக்கெட் கவுண்டரில் "ரீம்ஸ்" என்றால் சிரிக்க மாட்டார்கள், ஆனால் இரண்டாம் முறை கேட்பார்கள். பாரிஸுக்குக் கிழக்கே, ஷாம்பெயின் வட்டாரத்தின் பெரிய ஊர் இது.

எப்படிப் போவது?

பாரிஸ் கிழக்கு ரயில் நிலையமான கார் தெ லெஸ்டிலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். லாச்சப்பலில் தமிழ்க் கடைகளுக்குப் பக்கத்தில் தங்கியிருப்பவர்களுக்கு இன்னும் வசதி. அங்கிருந்து நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம், கால் மணி நேரம். போகிற வழியில் நாலு ரோல்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை குறைவு. கடைசி நாளில் எடுத்தால் இரண்டு மடங்குகூட ஆகும்.

ஒரு எச்சரிக்கை. டி.ஜி.வி. நிற்க இந்த ஊருக்கு இரண்டு நிலையங்கள். 'ரான்ஸ்' என்பது ஊருக்குள் இருப்பது. இறங்கி நடந்தால் கால் மணி நேரத்தில் ஊரின் பெருமையான நோத்ர் தாம் பேராலயம். 'ஷாம்பெயின் ஆர்தென் டி.ஜி.வி.' என்பது ஊருக்கு வெளியே வயல்வெளியில் இருப்பது. சார்ல் தெகோல் விமான நிலையத்திலிருந்து நேராக வரும் ரயில்கள் பெரும்பாலும் இந்த வெளி நிலையத்தில்தான் நிற்கும். முதல் தடவை நான் பெயரைச் சரியாகப் பார்க்காமல் அங்கே இறங்கி, "கோயில் கோபுரமே தெரியலையே" என்று நின்றுகொண்டிருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை, அங்கிருந்து டிராம் ஊருக்குள் வருகிறது. டிராமின் மூக்கைக் கவனியுங்கள், ஷாம்பெயின் கிண்ணத்தின் வடிவில் செய்திருக்கிறார்கள்.

ஒரு நாள் போதுமா?

வெளிச்சத்தைப் பார்த்துப் போனால் போதும். பேராலயத்தின் கடைக்கோடிச் சிற்றாலயம் கிழக்கு முகம். அங்கேதான் ஓவியர் மார்க் ஷகால் வரைந்த நீலக் கண்ணாடிச் சாளரங்கள். அவற்றைக் காலையில் பார்க்க வேண்டும். முகப்பு மேற்கு முகம். அதன் மேல் வெயில் விழுவது பிற்பகலில்தான். ஆகவே காலையில் உள்ளே, நண்பகலில் ஷாம்பெயின் பாட்டில்களை அடுக்கிவைக்கும் நிலவறை, சாயங்காலம் மறுபடி பேராலய வாசலில் உட்காருவது. நான் சொல்லும் ஒரே திட்டம் இதுதான். காலையிலேயே முகப்பைப் படமெடுத்துவிட்டு "பார்த்தாச்சு" என்று கிளம்புபவர்கள் நிழலில் கிடக்கும் சாம்பல் நிறக் கல்லைத்தான் பார்த்திருக்கிறார்கள். மாலை வெயிலில் அதே கல் தேன் நிறமாகிவிடும்.

பாரிஸில்தான் நோத்ர் தாம் பார்த்தாயிற்றே, இங்கே அப்படி என்ன?

பெயர் ஒன்றுதான், வேலை வேறு. பிரான்சின் அரசர்களுக்கு முடி சூட்டிய இடம் இது. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிராங்க் அரசன் குளோவிஸுக்கு ஆயர் ரெமி இந்த ஊரில் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த நினைவில்தான் பிற்கால அரசர்களும் இங்கே வந்து அபிஷேகம் பெற்றார்கள். ஒரு புறா வானத்திலிருந்து எண்ணெய்ச் சிமிழைக் கொண்டுவந்தது என்பது ஐதீகம். அந்த எண்ணெயில் ஒரு துளி படாதவன் முழு அரசன் இல்லை என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க் 1429இல் ஏழாம் சார்ல்ஸை எதிரிப் பகுதி வழியாக இவ்வளவு தூரம் இழுத்து வந்தது அதற்காகத்தான்; ஜூலை 17 அன்று முடிசூட்டு நடந்தது. வாசலுக்கு முன்னால் குதிரை மேல் வாளோடு நிற்பது அவள் சிலை.

1793இல் புரட்சிக்காரர்கள் அந்தச் சிமிழை ஊரின் அரச சதுக்கத்தில் போட்டு உடைத்தார்கள். ஆனாலும் 1825இல் பத்தாம் சார்ல்ஸ் இங்கேயே வந்து முடிசூட்டிக்கொண்டார். கடைசி முடிசூட்டு அதுதான். ஐந்தே வருடத்தில் அவரை நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

இப்போதிருக்கும் கட்டடம் 1211இல் தொடங்கியது. கோபுரங்கள் 81 மீட்டர் உயரம். சிலைகள் 2,300க்கு மேல். எண்ணிப் பார்க்க வேண்டாம், ஒரே ஒரு சிலையைப் பாருங்கள்.

எந்தச் சிலை?

முகப்பில் மூன்று வாசல்கள். இடப்பக்க வாசலில் சிறகோடு ஒரு சம்மனசு (தேவதூதர்) தலையைச் சற்றுச் சாய்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கும். 13ஆம் நூற்றாண்டு. அக்காலக் கல் முகங்கள் பெரும்பாலும் கடுகடுப்பாக இருக்கும். இது மட்டும் ஏதோ ரகசியம் தெரிந்ததுபோல, உதட்டோரம் மட்டும் சுருங்கச் சிரிக்கும்.

1914 செப்டம்பர் 19 அன்று ஜெர்மன் குண்டுகள் பேராலயத்தின் மேல் விழுந்தன. வடக்குக் கோபுரத்தில் மராமத்துக்காகக் கட்டியிருந்த மரச்சாரம் பற்றிக்கொண்டது. தீ கூரைக்குத் தாவியது. அப்போது விழுந்த உத்தரம் ஒன்று சம்மனசின் தலையைத் துண்டித்தது. கீழே விழுந்து சிதறிய துண்டுகளை ஒரு பாதிரியார் பொறுக்கி எடுத்துப் பத்திரப்படுத்தினார். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத் துண்டுகளை ஒட்டி, 1926இல் தலையை மறுபடி ஏற்றினார்கள். இந்த விவரம் தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பைப் பாருங்கள்.

அதே தீயில் கூரையின் ஈயத்தகடுகள் உருகி, மழைநீர் வடிவதற்காக விலங்கு முகமாகச் செதுக்கிய தூம்புகள் வழியாக வழிந்தன. நம் கோயில் கோமுகி வழியாகத் தண்ணீர் வருவதுபோல அங்கே கொதிக்கும் ஈயம் வந்தது. அப்படி வாயில் ஈயம் உறைந்துபோன தூம்புச் சிலைகளை எடுத்து, பக்கத்திலுள்ள தோ மாளிகை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்த்தார்கள். கருங்குரங்கு வாய் நிறைய எதையோ விழுங்க முடியாமல் திணறுவதுபோல இருக்கும். மாளிகை நீண்ட புதுப்பிப்பு வேலைக்காக மூடப்பட்டிருந்தது, அதனால் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எரிந்தும் எப்படி நிற்கிறது?

கட்டட நிபுணர் ஆன்ரி தெனே கிட்டத்தட்ட இருபது வருடம் இதிலேயே கிடந்தார். எரிந்த மரக்கூரைக்குப் பதிலாகச் சிறுசிறு கான்கிரீட் துண்டுகளைக் கோத்துக் கூரைச் சட்டம் அமைத்தார். இனி தீப்பிடிக்காது. செலவில் ஒரு பங்கு அமெரிக்கச் செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் கொடுத்தது. 1938இல் மறுபடி திறந்தார்கள்.

ஷகாலின் சாளரங்கள் 1974இல் வந்தவை. அவற்றுக்கு இரு பக்கமும் பளீரென்ற சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக உடைந்த சில்லுகள் மாதிரி இருப்பவை இமி க்னோபல் என்ற ஜெர்மானியர் செய்து 2011இல் வைத்தவை. ஜெர்மன் குண்டு உடைத்த கோயிலுக்கு ஜெர்மானியர் கையால் கண்ணாடி. வாசலுக்கு முன்னால் தரையில் ஒரு கல்வெட்டும் உண்டு: 1962 ஜூலையில் பிரெஞ்சு அதிபர் தெகோலும் ஜெர்மன் தலைவர் அடினாவரும் இங்கே சேர்ந்து பூசை கண்டு, இரு நாட்டுச் சமாதானத்தை உறுதி செய்த நினைவு. பலரும் மிதித்துக்கொண்டே போகிறார்கள்.

பேராலயத்துக்குள் போக டிக்கெட் இல்லை. கோபுரம் ஏறத்தான் காசு, சுமார் 250 படி.

நாங்கள் குடிப்பதில்லை. ஷாம்பெயின் நிலவறைக்குப் போவதில் அர்த்தம் உண்டா?

உண்டு. என் சித்தி மோர் தவிர எதையும் தொடாதவர். அவருக்குப் பிடித்த இடமே நிலவறைதான்.

இந்த ஊருக்கு அடியில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் போன்ற வெள்ளைச் சுண்ணக்கல். கட்டடம் கட்ட ரோமானியர் காலத்திலிருந்தே அதை வெட்டி எடுத்தார்கள். மேலே கிணறு மாதிரி சின்ன வாய் வைத்துக்கொண்டு, கீழே போகப் போக அகலமாக வெட்டினார்கள், மழையும் உறைபனியும் உள்ளே புகாதிருக்க. கடைசியில் பூமிக்குள் பிரமிடு வடிவக் கூடங்கள் மிஞ்சின. பிற்பாடு ஒயின் வணிகர்கள் பார்த்தார்கள்: வருடம் முழுக்கப் பத்து பன்னிரண்டு டிகிரி, ஈரப்பதம், இருட்டு. பாட்டில் அடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அடியில் நின்று அண்ணாந்தால் முப்பது மீட்டருக்கு மேலே ஒரு சதுர வெளிச்சம் தெரியும். சுவரைத் தொட்டால் விரலில் ஈர வெள்ளைப் பொடி ஒட்டும்.

முதல் உலகப் போரின்போது ஊர் மக்கள் இந்த நிலவறைகளில்தான் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடமே நடந்தது. மேலே குண்டு விழ, கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு படித்தார்கள்.

சுற்றுலாக் கடைசியில் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார்கள். சில நிறுவனங்களில் திராட்சைச் சாறு கிடைக்கும், பதிவு செய்யும்போதே கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே மது கிடையாது.

ஜூலை மாதம் என்றாலும் ஸ்வெட்டர் அவசியம். நான் அரைக்கைச் சட்டையோடு போய் ஒன்றரை மணி நேரம் நடுங்கியிருக்கிறேன்.

எந்த நிறுவனத்துக்குப் போவது?

ஒன்று போதும். ஒரே நாளில் மூன்று நிலவறை பார்ப்பது ஒரே கதையை மூன்று பேர் வாயால் கேட்பது. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். விலை முப்பது யூரோவை ஒட்டித் தொடங்கி எங்கெங்கோ போகும். அதிக விலை என்றால் அதிகக் கிண்ணங்கள், அவ்வளவுதான்.

பொம்மெரி: 116 படி இறங்க வேண்டும், 18 கிலோமீட்டர் சுரங்கப் பாதைகள். பிரம்மாண்டம் வேண்டுமென்றால் இது. தெத்தாஞ்ஜேர்: பழைய மடாலயத்துக்கு அடியில், ரோமானியர் வெட்டிய பள்ளங்களோடு. ருயினார் 1729இல் தொடங்கியது, ஷாம்பெயின் நிறுவனங்களில் மூத்தது. வேவ் கிளிக்கோ என்பதில் 'வேவ்' என்றால் கைம்பெண். இருபத்தேழு வயதில் கணவனை இழந்த பார்ப் நிக்கோல் கிளிக்கோ 1805இல் வியாபாரத்தைக் கையில் எடுத்தார். பொம்மெரியை வளர்த்த லூயிஸ் பொம்மெரியும் கைம்பெண்தான். நம் ஊரில் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களை நினைத்துக்கொண்டேன். இங்கே அப்படிப்பட்ட ஒருத்தியின் பெயர் ஒட்டிய பாட்டிலைத் திறந்து கல்யாணத்தைக் கொண்டாடுகிறார்கள்.

இந்த நான்கும் ஊரின் தெற்கே, செய்ன் நிக்கேஸ் குன்றுப் பக்கம்.

முட்டி வலிக்காரர்கள், குழந்தை வண்டி?

சில இடங்களில் மின்தூக்கி உண்டு, சிலவற்றில் படி மட்டும்தான். பதிவு செய்யும் முன் எழுதிக் கேளுங்கள். இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவதுதான் விஷயம்.

ஷாம்பெயின் ஏன் இவ்வளவு விலை? ஒயின்தானே?

ஒயின்தான், ஆனால் இரண்டு முறை நொதித்தது. முதலில் சாதாரண ஒயின் செய்வார்கள். பெரும்பாலும் பினோ நுவார், மனியே, ஷார்தொனே என்ற மூன்று திராட்சைகள். பிறகு கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலிலேயே அடைத்து மூடிவிடுவார்கள். உள்ளே மறுபடி நொதிக்கும், வாயு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரையும். குமிழி அதுதான். கார் டயரில் உள்ளதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம். அந்தக் காலத்தில் பாட்டில்கள் வரிசையாக வெடிக்கும்; தொழிலாளிகள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு நிலவறைக்குள் போவார்கள்.

அப்புறம் இருக்கிறது பெரிய தலைவலி: செத்த ஈஸ்ட் வண்டலாகப் பாட்டிலுக்குள் தங்கும். அதை எடுக்கத்தான் கிளிக்கோ அம்மாளின் நிலவறையில் 1816 வாக்கில் ஓட்டை போட்ட மேசையைக் கண்டுபிடித்தார்கள். பாட்டிலைக் கழுத்துக் கீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சாய்த்தால் வண்டல் மூடியருகே வந்து சேரும். வழிகாட்டி செய்து காட்டுவார். இரண்டு கையிலும் இரண்டு பாட்டில், டக் டக்கென்று எட்டில் ஒரு பங்கு திருப்பு, அடுத்தது. இப்போது பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. கடைசியில் கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால், வண்டல் பனிக்கட்டியோடு சேர்ந்து தெறித்து வெளியே விழும். குறைந்த அளவுக்குச் சர்க்கரைப்பாகு கலந்த ஒயினை ஊற்றி நிரப்பி, தக்கை போட்டுவிடுவார்கள்.

சாதாரண ஷாம்பெயினே குறைந்தது 15 மாதம் பாட்டிலில் கிடக்க வேண்டும், ஆண்டு பொறித்தது மூன்று வருடம். பழம் பறிப்பது கையால்தான், இயந்திரத்துக்கு அனுமதி இல்லை. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறுக்கு மேல் பிழியக் கூடாது. விலைக்கு இவையெல்லாம் காரணம். பெயரும் ஒரு காரணம், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது இங்கேதான் என்கிறார்களே?

ஆமாம், ஐரோப்பாவைப் பொறுத்தவரை. ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். நேச நாட்டுப் படைகளின் தளபதி ஐசன்ஹோவரின் தலைமையகம் அங்கே இருந்தது. 1945 மே 7, அதிகாலை 2:41க்கு ஜெர்மன் தளபதி யோடல் சரணாகதியில் கையெழுத்திட்டார். சோவியத் தலைவர் ஸ்டாலின் வற்புறுத்தியதால் பெர்லினில் மறுபடி ஒரு கையெழுத்து நடந்தது. அதனால் மேற்கு நாடுகள் மே 8ஐக் கொண்டாடுகின்றன, ரான்ஸ்காரர்களுக்கு இதில் லேசான மனக்குறை. சுவர் முழுக்க ராணுவ வரைபடங்களோடு அந்த அறை அப்படியே இருக்கிறது. முக்கால் மணி நேரம் போதும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

நேரம் மிச்சமிருந்தால்?

செய்ன் ரெமி பசிலிக்காவுக்கு நடந்து போங்கள், பேராலயத்திலிருந்து இருபது நிமிடம். குளோவிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே ரெமியின் கல்லறை அங்கே. கூட்டம் இருக்காது. நடுவில் தொங்கும் வட்ட விளக்கில் 96 மெழுகுவத்தி, அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் ஆண்டுக்கு ஒன்று. என்னைக் கேட்டால் பிரார்த்தனை செய்ய இது, பிரமிக்கப் பேராலயம்.

ரோமானியர் வளைவான மார்ஸ் வாசல், சரணாகதி நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது, பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஜப்பானிய ஓவியர் ஃபுஜிதா எண்பதாவது வயதை ஒட்டிச் சுவர் முழுக்கத் தானே வரைந்த சிற்றாலயம் மூம் என்ற ஷாம்பெயின் நிறுவனத்துக்கு எதிரே, குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ரோல்ஸ் வாங்கச் சொன்னது இதற்குத்தான். கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். ட்ருவே தெர்லோன் சதுக்கத்தில் வரிசையாக உணவகங்கள். பீட்சா, பாலாடைக்கட்டி போட்ட கோதுமைத் தோசை மாதிரியான கிரேப் எல்லாம் உண்டு. மதியம் இரண்டு மணிக்குமேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சனிக்கிழமை காலையானால் புலங்கிரென் சந்தைக்குப் போய் ரொட்டி, பழம், ஷாவுர்ஸ் பாலாடைக்கட்டி வாங்கிச் சாப்பிடலாம். 1920களில் கட்டிய அந்தச் சந்தையின் கான்கிரீட் வளைகூரையே பார்க்கத் தகுந்தது.

ஊர் விசேஷம் ரோஜா நிற பிஸ்கட். பெரிய கடை ஃபொசியே, 1756இலிருந்து. கடித்தால் பல் உடையும், எதிலாவது நனைத்துத்தான் தின்ன வேண்டும். தேநீரில் நனைத்தாலும் நன்றாகவே இருக்கிறது. சுத்த சைவர்கள் கவனிக்க: முட்டை உண்டு. நிறத்துக்கு கார்மைன் என்ற பூச்சிச் சாயம் சேர்க்கும் வழக்கமும் உண்டு, அட்டையைப் படியுங்கள்.

புதுச்சேரிக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. பதினான்காம் லூயியின் நிதி அமைச்சர் கோல்பேர் 1619இல் பிறந்தது இங்கே, துணி வியாபாரக் குடும்பத்தில். 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை உருவாக்கியவர் அவர்தான். பத்து வருடம் கழித்து அந்தக் கம்பெனி புதுச்சேரியில் காலூன்றியது. தெ லா சால் சபைப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இன்னொன்று: சபையை நிறுவிய ஜான் பப்திஸ்த் தெ லா சாலும் இந்த ஊர்க்காரர், 1651இல் பிறந்தவர். பிறந்த வீடு போரில் தப்பி நிற்கிறது.

எப்போது போவது நல்லது?

மே முதல் அக்டோபர் வரை. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் அறுவடை. கொடிகளுக்கிடையே குனிந்து பறிப்பவர்களைப் பார்க்கலாம், ஆனால் சின்ன ஒயின்காரர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. இரண்டாவது நாள் கையிலிருந்தால் அரை மணி ரயிலில் எப்பர்னே என்ற இன்னொரு ஷாம்பெயின் ஊர். அங்கிருந்து ஓவிலேர் கிராமம் பக்கம். தோம் பெரிஞ்ஞோன் பாதிரியார் கல்லறை அங்கே. ஷாம்பெயினைக் 'கண்டுபிடித்தவர்' என்று வழிகாட்டி சொன்னால் தலையாட்டுங்கள், ஆனால் நம்பாதீர்கள். குமிழி தானாக வந்தது. அவர் காலத்தில் அதை ஒயினுக்கு வந்த குறையாகத்தான் பார்த்தார்கள். பல தோட்டத்துப் பழங்களைக் கலப்பதில்தான் அவர் கெட்டிக்காரர்.

பாட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகலாமா?

கைப்பையில் முடியாது, பெரிய பெட்டியில் போட வேண்டும். இந்தியாவுக்கு ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 75 சென்டிலிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. புடவைக்குள் சுற்றினால் உடையாது, என் சித்தி பக்கத்து வீட்டுக்காரருக்காக அப்படித்தான் கொண்டுபோனார். விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஊருக்குள் சின்னத் தோட்டக்காரர்களின் பாட்டில் கிடைக்கும், பெரிய பெயர் இல்லாததால் விலையும் குறைவு.